ஊசி சிறிது, பொறுப்புப் பெரிது

நடுவிரல் நீளமே உள்ள ஓர் இரும்பூசியைப் பற்றி இவ்வாரம் எழுதப் புகுகின்றோம். எழுதுவதற்கு எத்தனையோ பெரிய விடயங்கள் காத்துக்கிடக்க, துவக்கின் வயிற்றுள் மறைந்துகிடக்கும் ஓர் ஊசிக்கு இத்துணை இடமா என வாசகர் சிலர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. ஆயினும், அவ்வூசியைச் சுற்றிப் படிந்த அழுக்கு, விசையைத் தொடாதவன் கையிலேயே துவக்கை வெடிக்கச் செய்யவல்லது. துவக்கைத் துடைக்கத் துணியும் தூரிகையும் கொடுக்கத் தவறியமைக்காக உலகப் பெருவல்லரசு ஒன்றின் படைத்தலைமை தன் நாட்டுச் சட்டசபையின் முன் தலைகுனிந்து நின்றதுமுண்டு. இவை சிறிய செய்திகளா?

துவக்கின் ஓசையைக் கேட்டுக் கேட்டுச் சலித்த மண் நமது மண். ஆதலின் துவக்கின் புகழ் பாடுவது நமது நோக்கமன்று. துவக்கு இல்லாத உலகு வருமேல் அதனை முதலில் வாழ்த்துவோரும் நாமே. ஆனால், துவக்கு எங்கெங்கு இருக்கின்றதோ, அங்கெல்லாம் அது சுடவேண்டிய வேளையில் மட்டுமே சுடவேண்டும். இந்த எளிய நியதி, பெரும்பாலும் அந்தச் சிற்றூசியின் தூய்மையிலேயே தங்கியிருக்கின்றது. அதனை உடையவனும் அறியவேண்டும். அதனை அவன் கையிற் கொடுப்பவனும் அறியவேண்டும். நாம் கூறவந்தது இதுவே.

முதலில் அவ்வூசியின் தொழிலை அறிந்துகொள்வோம். தோட்டாவின் பின்புறத்து நடுவே சிறு காசுபோலப் பதிந்திருப்பது கேப்பு. அதனுள் இருப்பது அடிபட்ட மாத்திரத்தே தீப்பற்றும் மருந்து. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, அதன் பின்னே கதவுபோல் அடைத்து நிற்கும் இரும்புக்கட்டையைப் ‘போல்ட்’ என்பர். அக்கட்டையின் நடுவே நெடுக ஒரு துளை உண்டு. அத்துளைக்குள் கிடப்பதே ‘பயரிங் பின்’ எனப்படும் ஊசி. நாம் அதனைக் குத்தூசி என்று வழங்குவோம். விசையை இழுத்ததும் சுத்தியல் பாய்ந்து குத்தூசியின் பின்தலையில் அடிக்கின்றது. ஊசியின் முனை கேப்பைக் குத்துகின்றது. மருந்து தீப்பற்றி வெடி தீர்கின்றது. தீர்ந்ததும் ஊசி தன் துளைக்குள் பின்வாங்கிவிட வேண்டும். முன்னே வருவதும் பின்னே போவதுமே அதன் வாழ்நாட் பணி.

இப்பணியில் இரண்டு பிழைகள் நேரலாம். ஒன்று, ஊசி முன்வரத் தயங்குவது. குளிரில் உறைந்த கிரீசோ, கரியோ, துருவோ அதன் வழியை மறிக்குமாயின் அடி மெலிந்து கேப்புத் தீப்பற்றாது போகும். மற்றது, முன்வந்த ஊசி பின்வாங்க மறுப்பது. இதுவே பெருங்கேடு. முனை வெளியே நீட்டியபடி ஊசி சிக்கிக்கொண்டால், அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போல்ட் விரைந்து மூடும்போது, அவ்விரைவே சுத்தியலின் வேலையைச் செய்துவிடும். விசையில் விரல் இல்லை, குறி இல்லை, எண்ணமும் இல்லை. ஆனால் வெடி தீர்ந்துவிடும்!

“துவக்கிலே காவற்பூட்டு ஒன்று இருக்கின்றதே, அது காக்காதா?” என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வி, ஆபத்தான நம்பிக்கை. பல றைபிள்களில் காவற்பூட்டு விசையைத்தான் தடுக்கின்றது, ஊசியைத் தடுப்பதில்லை. விசை இழுபடாமலே நேரும் வெடியை விசைக்கு இட்ட பூட்டு எங்ஙனம் தடுக்கும்? வாயிற்கதவுக்குப் பூட்டிட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்த கதையே அது.

இது வெறும் ஊகமன்று என்பதற்கு எஸ்.கே.எஸ். என்னும் றைபிளின் வரலாறு சான்று. சோவியத் நாட்டின் செர்கேய் சிமொனோவ் ஆக்கிய துவக்கு இது. 1945ஆம் ஆண்டு அதன் பெயரிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். விசையை ஒருமுறை இழுக்க ஒரு வெடி தீரும். சோவியத் நாட்டிலும், சீனாவிலும், யூகோஸ்லாவியாவிலும் இது பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. தொடக்ககாலத்தில் செய்தவற்றில் குத்தூசியைப் பின்னிழுத்து வைத்திருக்க ஒரு சுருள்வில் இருந்தது. பின்னர் வந்தவற்றில் அவ்வில் விடப்பட்டது. ஊசி தன் துளையில் தளர்வாகக் கிடந்தது. தூய்மையாக இருக்கும்வரை அவ்வேற்பாட்டிற் குறையில்லை. போல்ட் மூடும்போது ஊசி தன் கனத்தாற் சற்றே முன்னோடிக் கேப்பை மெல்லத் தொடும். சிறு தழும்பு ஒன்றை இட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

படைகள் புதிய துவக்குகளுக்கு மாறியபின் எஸ்.கே.எஸ். களஞ்சியங்களுக்குச் சென்றது. துரு ஏறாதிருக்கக் கெட்டியான கிரீசை உள்ளும் புறமும் பூசி, பெட்டிகளில் அடுக்கிவைத்தனர். அதிற் குற்றமில்லை, இரும்பைக் காக்கும் வழி அதுவே. ஆண்டுகள் பல உருண்டன. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் அத்துவக்குகள் கப்பலேறி வட அமெரிக்காவை அடைந்து, மலிந்த விலையில் வேட்டைக்காரர் கைக்கும் கமக்காரர் கைக்கும் போயின. வாங்கியவர் வெளிப்புறத்தைத் துடைத்தனர், குழலைத் துடைத்தனர், மரத்துக்கு மெருகும் இட்டனர். ஆனால் போல்டின் துளைக்குள்ளே, களியாகி இறுகிப்போன பழைய கிரீசின் நடுவே, ஊசி சிறைப்பட்டுக் கிடந்ததைப் பலர் அறிந்தாரில்லர். முனை வெளியே நீட்டியபடி ஊசி சிக்கிய துவக்குகள், முதல் தோட்டா உள்ளே சென்றவுடன் தாமே வெடித்தன. சில வேளைகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டி முழுவதும் தீர்ந்தபின்பே ஓய்ந்தன. படைத் தோட்டாக்களின் கேப்புகள் வன்மையானவை. கடையில் வாங்கும் சில தோட்டாக்களின் கேப்புகள் அவற்றினும் மென்மையானவை. அது ஆபத்தை இன்னும் கூட்டியது.

இதில் யார் குற்றவாளி? செய்தவனா? அவன் காக்கும் பொருட்டே கிரீசைப் பூசினான். வாங்கியவனா? அவனுக்கு எவரும் சொல்லவில்லை. துவக்கைக் கைமாற்றும் வேளையில், “போல்டைக் கழற்றி, ஊசியை வெளியே எடுத்துக் கழுவாமல் ஒரு தோட்டாவும் இடாதே” என்ற ஒரு வசனத்தைச் சொல்லாமல் விற்றவனுக்கே முதற்பழி சேரும். காசை எண்ணத் தெரிந்தவனுக்கு எச்சரிக்கை சொல்லத் தெரியாதா?

இனி, உலகின் மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். யூஜின் ஸ்டோனர் என்னும் அமெரிக்கர் வகுத்த துவக்கே பிற்காலத்தில் எம்-16 எனப் பெயர்பெற்றது. அதிலும் குத்தூசி வில்லின்றித் தளர்வாகவே கிடக்கும். 1963ஆம் ஆண்டில், போல்ட் மூடும் வேகத்தில் தோட்டா தானே வெடிப்பதாக அமெரிக்க விமானப்படை முறையிட்டது. ஆராய்ந்தவர்கள் கண்டது, ஊசியின் கனம் மிகை என்பதே. அதனை இலகுவாக்கினர்; கேப்பு எவ்வளவு அடிக்குத் தீப்பற்றலாம் என்பதற்கும் வரையறை செய்தனர். சில குன்றிமணி எடையைக் குறைத்தது உயிர்களைக் காத்தது! அறிவும் அக்கறையும் ஒருங்கே இயங்கினால் எவ்வளவு எளிதிற் குறைகள் தீரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் அதே துவக்கின் பிற்கதை வேறு. 1964ஆம் ஆண்டில் அதன் தோட்டாவுக்குரிய வெடிமருந்து மாற்றப்பட்டது. புதிய மருந்து கூடுதலான கரியை விட்டது; துவக்கின் இயக்கத்தையும் விரைவாக்கியது. தோட்டா கிடக்கும் அறைக்குக் குரோமியப் பூச்சு இடப்படவில்லை. வியட்நாமின் ஈரக்காற்றில் அங்கே துரு பிடித்தது. சுட்டபின் வெற்றுத் தோட்டா வெளிவராது சிக்கியது. இவற்றுக்கெல்லாம் மேலாக, இத்துவக்குக்கு அதிகத் துப்புரவு வேண்டியதில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. துடைக்கும் கோலும், தூரிகையும், தகுந்த எண்ணெயும், பயிற்சியும் போதாமலே இளைஞர்கள் காட்டுக்குள் அனுப்பப்பட்டனர். 1967ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் கேசான் அருகே குன்றுகளில் நடந்த போரிலிருந்து ஒரு மரீன் படைவீரன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை, நியூ ஜேர்சி உறுப்பினர் ஜேம்ஸ் ஹவார்ட் அமெரிக்கச் சட்டசபையில் முன்வைத்தார். மாண்ட தோழர்களில் ஏறக்குறைய எல்லோருமே, கழற்றிப் போட்ட துவக்குப் பக்கத்திற் கிடக்கக் காணப்பட்டனர் என்பது அக்கடிதத்தின் சாரம். தாய் ஒருத்தி இதை வாசித்தால் அவள் நெஞ்சு என்ன பாடுபடும்!

அவ்வேளையில் அதிகாரிகள் சிலர் சொன்ன பதில் யாது? “வீரர்கள் துவக்கைத் துப்புரவாக வைத்திருக்கவில்லை.” துடைக்கக் கருவி கொடாதவர், துடைக்கவில்லை என்று பழி சொல்லுகின்றார்! நீர் இறைக்க வாளி கொடாமல், பயிர் வாடியதற்குக் கமக்காரனை ஏசுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? மிசூரி உறுப்பினர் றிச்சட் ஐக்கோட் தலைமையில் அமைந்த உபகுழு 1967ஆம் ஆண்டில் ஆராய்ந்து, ஒக்ரோபரில் அறிக்கை விடுத்தது. தோட்டாவின் குறைகளைத் திருத்த நடவடிக்கை எடாத படை அதிகாரிகளின் செயல், குற்றத்துக்கு நிகரான அலட்சியத்தின் எல்லையைத் தொடுவதாக அது தீர்ப்புரைத்தது.

அதன்பின் நேர்ந்தவை நம் வாதத்துக்கு உறுதியளிக்கின்றன. அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது. துப்புரவுக் கருவிகள் வீரர் கைக்கு வந்தன. 1968ஆம் ஆண்டில், வில் ஐஸ்னர் என்னும் சித்திரக்காரரைக் கொண்டு, துவக்கைக் கழற்றவும் துடைக்கவும் பூட்டவும் கற்பிக்கும் படக்கதைப் புத்தகம் ஒன்றையும் படைத்தலைமை வெளியிட்டது. குறைகளும் பெரிதும் தணிந்தன. துவக்கு அதே துவக்கு. வீரனும் அதே வீரன். பொருளைத் திருத்தி, கருவியையும் அறிவையும் கொடுத்தபின் நிலைமை மாறியது. ஆகவே, துப்புரவு என்பது பயன்படுத்துவோனின் ஒழுக்கம் மட்டுமன்று, கொடுப்போனின் கடமையுமாகும். இரண்டில் ஒன்று தவறினும் விலை உயிரே.

நமது கமக்காரருக்கு இது புதிய பாடமன்று. நீரிறைக்கும் இயந்திரத்தை விற்பவன் எந்த எண்ணெயை எப்போது மாற்றவேண்டும் எனச் சொல்லாமற் போவானாயின், மறுநாளே அவன் கடை வாயிலில் நின்று நியாயம் கேட்பவர் அவர். மாலையில் மண்வெட்டியைக் கழுவாமல் மூலையிற் சாத்துபவனை நல்ல கமக்காரன் என எந்த ஊரும் சொல்லியதில்லை. மண்வெட்டி துருப்பிடித்தால் ஒருநாள் வேலை கெடும். துவக்கின் ஊசி துருப்பிடித்தால் ஒரு குடும்பம் கெடும்.

காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அனுமதிப் பத்திரத்துடன் துவக்கு வைத்திருப்போர் நமது வாசகரிடையே உளர். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் மடித்துத் திறக்கும் சொட்கன். அதில் எஸ்.கே.எஸ். போன்ற போல்ட் இல்லை. ஆனால் குத்தூசி உண்டு. துருவோ அழுக்கோ பிடித்து ஊசியின் முனை வெளியே நீட்டி நிற்குமாயின், தோட்டாவை இட்டுக் குழலை நிமிர்த்தி மூடும் கணத்திலேயே வெடி தீரக்கூடும். மாரியில் நனைந்து, கோடையில் புழுதி உண்டு, தாழ்வாரத்தில் மாதக்கணக்காய்த் தூங்கும் துவக்கில் இது நேராது என்று எவர் உறுதி கூறுவார்?

எனவே, செய்யவேண்டியது யாது என்பதைச் சுருக்கமாகச் சொல்வோம்.

முதலாவது, துவக்கில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாற் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதிசெய்தல் வேண்டும். பெட்டியிலும் பார்க்கவேண்டும்; குழலின் அறையிலும் பார்க்கவேண்டும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கலாகாது. “இல்லை என்று நினைத்தேன்” என்பது, துவக்கு விபத்துகளின் பின் உலகெங்கும் ஒலிக்கும் ஒரே ஒப்பாரி.

இரண்டாவது, அந்தத் துவக்குக்கு உரிய கைந்நூல் கூறும் முறைப்படி போல்டைக் கழற்றி, ஊசியைப் பிடித்துவைத்திருக்கும் சிறு ஆணியை நீக்கி, ஊசியை வெளியே எடுத்தல். எந்தத் துண்டு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். சொட்கனின் பூட்டைப் பிரிக்கத் தெரியாதவர் அதனைத் தாமே பிரிக்க முயலாது, அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரிடம் கொடுப்பதே அறிவுடைமை.

மூன்றாவது, ஊசியையும் அதன் துளையையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய கிரீசும் கரியும் நீங்கும்வரை கழுவுதல். அடுப்பும் விளக்கும் புகையும் அருகில் இருத்தலாகாது. துளைக்குள் மெல்லிய தூரிகையோ துணி சுற்றிய குச்சியோ செலுத்தி, துணி வெள்ளையாக வெளிவரும்வரை துடைக்கவேண்டும். பின்னர் நன்கு உலரவிட வேண்டும்.

நான்காவது, ஊசியின் முனையை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தல். அது வழவழப்பாக உருண்டிருக்க வேண்டும். வளைந்திருந்தாலோ, வெடித்திருந்தாலோ, சிதைந்திருந்தாலோ புதிய ஊசியே வேண்டும். அரத்தால் அராவிக் கூராக்க முனைவது பேதைமை. கூரிய முனை கேப்பைத் துளைத்துவிடும். துளைத்தால் உள்ளிருக்கும் எரிவாயு சுடுபவன் முகத்தை நோக்கிப் பாயும்.

ஐந்தாவது, துருக் காக்க எண்ணெயின் சாயல் மட்டும் போதும். கூட எண்ணெய் இட்டால் கூடப் பாதுகாப்பு என்பது தவறு. துளைக்குள் தேங்கிய எண்ணெய் புழுதியைப் பிடித்துக் களியாகும். கிரீசு அங்கே எக்காலத்தும் ஆகாது.

ஆறாவது, எல்லாவற்றையும் முறைப்படி பூட்டியபின் சோதித்தல். எஸ்.கே.எஸ். போன்ற தளர்வான ஊசியுடைய துவக்கில், போல்டைக் காதருகே பிடித்துக் குலுக்கினால் ஊசி உள்ளே கிலுகிலுக்க வேண்டும். குலுக்கியும் ஓசை இல்லையேல், அது சிறைப்பட்டிருக்கின்றது என்பது பொருள், மீண்டும் கழுவவேண்டும். எந்தச் சிறு துண்டும் மிஞ்சியிருத்தலாகாது. எம்-16 துவக்கில் போல்டைத் திருப்பிப் பூட்டும் குறுக்காணியை இடாமற் பூட்டினாலும் துவக்குச் சுடும், சுட்டவுடன் சிதறும். கழற்றியபோது எத்தனை துண்டோ, பூட்டியபோதும் அத்தனை துண்டு.

இறுதியாக ஒன்று: விசையை இழுத்தும் வெடி தீராவிடின், உடனே திறந்து பார்க்கலாகாது. குழலை ஆளில்லாத் திசையிலேயே பிடித்து அரை நிமிடமேனும் பொறுத்தல் வேண்டும். கேப்புத் தாமதித்துத் தீப்பற்றுவதுண்டு.

“இவையெல்லாம் படித்தவருக்கும் நிபுணருக்கும் உரியவை, சாதாரண கமக்காரனுக்கு ஏன்?” என்று கேட்போரும் உளர். இவ்வாதத்தை நாம் ஏற்கோம். இதில் நுண்கணிதம் எதுவுமில்லை. கண்ணும் காதும் பொறுமையுமே வேண்டும். சாதாரண மனிதனிடம் துவக்கைக் கொடுக்கலாம், ஆனால் அதைப் பற்றிய அறிவைக் கொடுக்கலாகாது என்பது எந்த ஊர் நியாயம்? வியட்நாமில் வீரருக்கு உதவியது பேரறிஞரின் ஆய்வுரையன்று, படக்கதைப் புத்தகம்!

ஆதலின் அதிகாரத்தில் உள்ளோருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. பத்திரத்தைப் புதுப்பிக்கும் அந்த நாளே துவக்கின் ஊசியைத் தகுந்தவர் ஒருவர் சோதிக்கும் நாளாகவும் அமையட்டும். பத்திரத்துடன், துவக்கைப் பேணும் முறையைப் படங்களுடன் விளக்கும் ஒரு சிறு துண்டுப்பிரசுரம் தமிழிலும் சிங்களத்திலும் கொடுக்கப்படட்டும். இதற்குப் பெரும்பணம் தேவையில்லை; மனம் ஒன்றே தேவை. ஊரிலுள்ள ஆசிரியரும், வைத்தியரும், பொறியியலாளரும் கமக்காரர் சங்கக் கூட்டங்களில் இதனை எடுத்துரைக்கலாம். விபத்தின்பின் மருத்துவமனையிற் செலவிடும் ஓர் இரவை விட, விபத்தின்முன் மடத்துத் திண்ணையிற் செலவிடும் ஒரு மணிநேரம் மேலானது.

வாசகருக்கு வைக்கும் வேண்டுகோளும் ஒன்று உண்டு. இவ்வாரம், பிள்ளைகள் வீட்டில் இல்லாத ஒரு வேளையில், துவக்கைக் கீழே இறக்குங்கள். தோட்டா இல்லை என்பதை இருமுறை பாருங்கள். பின்னர் அந்த ஊசியின் நலத்தை விசாரியுங்கள். அது முன்னே வருகின்றதா? வந்தது பின்னே போகின்றதா? இரண்டுக்கும் “ஆம்” என்ற விடை கிடைக்கும்வரை அந்தத் துவக்குக்குத் தோட்டாவைக் காட்டாதீர்கள்.

துவக்கைக் கொடுப்பவன் துணியையும் கொடுக்கட்டும்; துணியைப் பெற்றவன் துடைக்கட்டும். இவ்விரண்டும் நடந்தால், பயிரைக் காக்க எடுத்த கருவி உழவனின் உயிரைக் குடிக்காது.